பத்துப் பேர் வேண்டும்

1968ஆம் வருஷம் இரண்டு விழாக்கள் நடந்தன.

முதலாவது பிப்ரவரி 28 அன்று. மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டித் தெற்கே வந்தால் ஒரு செம்மண் மேடு வரும். அங்கே 124 நாடுகளின் மண்ணை ஒரு பளிங்குத் தாழிக்குள் போட்டு ஆரோவில்லைத் தொடங்கினார்கள். இரண்டாவது விழா டிசம்பரில், கொச்சி மட்டாஞ்சேரியில். அங்கே ஒரு சந்தின் முடிவில் இருக்கும் யூதக் கோயிலுக்கு 400 வயசு நிறைந்தது. பிரதமர் இந்திரா காந்தி வந்தார், அஞ்சல் தலை வெளியிட்டார்கள்.

நான் இந்த உப்பளக் கரைக்காரன். ஆரோவில்லைப் பக்கத்து ஊரிலிருந்து பார்த்து வளர்ந்தவன். அதைத் தொடங்கிய மிர்ரா அல்ஃபாஸா, நம்ம பக்கத்தில் சொல்கிற அன்னை, 1878இல் பாரிஸில் பிறந்தவர். அப்பா துருக்கியிலிருந்து வந்த யூதர், அம்மா எகிப்து யூதர். 1492இல் ஸ்பெயின் தன் யூதர்களைத் துரத்தியபோது மத்தியதரைக் கடல் முழுக்கச் சிதறிப்போன செபார்டிக் மரபைச் சேர்ந்த குடும்பம். அதே சிதறலில் தெறித்த இன்னும் சிலர் கொச்சி வரைக்கும் வந்தார்கள். மட்டாஞ்சேரிப் பள்ளியைக் கட்டியவர்களில் அவர்களும் உண்டு.

ஆக ஒரே மரபின் இரண்டு கிளைகள், தென்னிந்தியாவின் இரண்டு கரைகளில். இங்கே மிர்ரா தொடங்கிய நகரத்தில் மதத்துக்கு இடமில்லை. அங்கே தெருவைப் பிடித்து நிறுத்திய சாந்தே மதம்தான். முதல் வகை ஊரை நான் தினமும் பார்க்கிறேன். இரண்டாவது வகை எப்படி நானூறு வருஷம் நின்றது, பிறகு எப்படி ஆளில்லாமல் போனது என்பது ரொம்ப நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்வி.

பகல் விளக்கு

கொச்சிக்கு முன்னால் கொடுங்கல்லூர். சங்கப் பாட்டில் நாம் படித்த முசிறியின் பக்கம். கி.பி. 1000ஐ ஒட்டி, சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டிலிருந்து ஒரு செப்பேடு கொடுக்கிறான். பெறுகிறவர் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகர். எழுத்து வட்டெழுத்து, வடமொழிச் சொற்களுக்குக் கிரந்தம். மொழியை மலையாளிகள் பழைய மலையாளம் என்பார்கள். ஆனால் அந்தப் பட்டியலைப் படிக்கிற எந்தத் தமிழருக்கும் காது நிமிரும்: பகல் விளக்கு, பாவாடை, குடை, காகளம், தோரணம். பகலிலும் விளக்குப் பிடித்துக்கொண்டு வரலாம், நடக்கிற வழியில் துணி விரிக்கலாம், எக்காளம் ஊதலாம். 72 உரிமைகள். அவருக்கு மட்டுமில்லை, அவர் வம்சத்துக்கும்.

ரப்பானுக்குக் கிடைத்த இன்னொன்று அஞ்சுவண்ணம். மேற்காசிய வணிகர்களின் குழுவுக்கு அன்று இருந்த பெயர். நம்ம சோழமண்டலக் கரைக் கல்வெட்டுகளிலும் மணிக்கிராமத்தோடு சேர்ந்து இந்தச் சொல் வரும். வேற்றுத் தெய்வத்தைக் கும்பிடுகிறவனுக்கு இந்த ஊரில் குடையும் விளக்கும் உண்டு என்று ஒரு அரசன் செம்பில் எழுதிக் கொடுத்திருக்கிறான். ஐரோப்பாவின் பல ஊர்களில் யூதர்களை அடையாளத் துணி தைத்துக்கொள்ளச் சொன்ன நூற்றாண்டுகள் அதற்குப் பிறகுதான் வந்தன.

1341இல் பெரியாற்று வெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்து, கொச்சி முகத்துவாரத்தைத் திறந்தது. வணிகம் தெற்கே நகர்ந்தது. 1344இல் கொச்சங்காடியில் ஒரு யூதப் பள்ளி எழுந்தது. கட்டடம் போய்விட்டது, அதன் எபிரேயக் கல்வெட்டு மட்டும் மட்டாஞ்சேரிச் சுவரில் பதித்து வைத்திருக்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் கொடுங்கல்லூரில் மிச்சமிருந்தவர்களும் சண்டைகளால் கிளம்பினார்கள். 1560இல் கோவாவில் போர்த்துகீசியர் மத விசாரணை மன்றத்தைத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சூழ்நிலையில் கொச்சி ராஜா தன் அரண்மனையை ஒட்டியே யூதர்களுக்கு நிலம் கொடுத்தார். 1568இல் பரதேசிப் பள்ளி கட்டி முடிந்தது. பக்கத்திலேயே அரண்மனை வளாகத்துப் பழையன்னூர் பகவதி கோயில்.

பள்ளி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்கு அது பள்ளிக்கூடம், பள்ளிவாசல். கேரளத்தில் சர்ச்சும் பள்ளி, மசூதியும் பள்ளி, யூதக் கோயிலும் ஜூதப் பள்ளி. பரதேசி என்பதும் அங்கே வசவில்லை, வெளிதேசத்தார் என்றே பொருள். ஸ்பெயின், சிரியா, ஈராக் என்று பிந்தி வந்தவர்கள் பரதேசி யூதர். முன்னாலேயே வேர் விட்டவர்கள் மலபார் யூதர். மட்டாஞ்சேரியில் மட்டும் மூன்று பள்ளிகள் இருந்தன. ஒன்று பரதேசிகளுடையது. கடவும்பாகம், தெக்கும்பாகம் என்ற மற்ற இரண்டும் மலபாரிகளுடையவை.

ஒரு சந்தின் வாழ்க்கை

யூதத் தெரு உண்மையில் ஒரே ஒரு சந்து. வடக்கு முனையில் பரதேசிப் பள்ளி, தெற்குப் பக்கம் கடவும்பாகம். நடுவே இருபுறமும் சுவரோடு சுவர் ஒட்டிய மாடி வீடுகள். பல வீடுகளில் கீழே கிடங்கு, மேலே குடும்பம். இன்றைக்கும் அந்த வட்டாரத்தில் நடந்தால் சுக்கும் மிளகும் மூக்கைப் பிடிக்கும். மட்டாஞ்சேரியே அப்படிப்பட்ட ஊர். கொங்கணிகள், கட்ச் முஸ்லிம்கள், குஜராத்திகள், தமிழ்ப் பிராமணர்கள் என்று ஆளுக்கொரு தெரு. டச்சுக்காரர்கள் காலத்தில் சிப்பாய்களின் துணி வெளுக்க வந்த தமிழ் வண்ணார்களின் வாரிசுகள் கோட்டைக் கொச்சியில் இன்றும் துறையில் நிற்கிறார்கள்.

போர்த்துகீசியருக்கும் டச்சுக்காரருக்கும் நடந்த சண்டையில், டச்சுக்காரர்கள் பக்கம் சாய்ந்தார்கள் என்று 1662இல் போர்த்துகீசியர் பள்ளியைக் கொளுத்தினார்கள். அடுத்த வருஷம் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்ததும் பள்ளி மறுபடி எழுந்தது. டச்சுக் காலம் பரதேசிகளுக்குப் பொற்காலம். எசக்கியேல் ரஹபி (1694–1771) என்ற வணிகர் ஏறக்குறைய ஐம்பது வருஷம் டச்சுக் கம்பெனியின் மிளகு வியாபாரத்தில் பெரிய கை. 1760இல் மணிக்கூண்டு கட்டியவர் அவர். சீனாவின் கான்டனிலிருந்து வந்த நீலவெள்ளைத் தரைஓடுகளும் அவர் காலத்தவை.

அந்தத் தரையில் செருப்பில்லாமல்தான் நடக்க வேண்டும், நம்ம கோயில் மாதிரியே. தெருவின் பழக்கங்களில் பாதி எனக்குத் தெரிந்த வீடுகளையே ஞாபகப்படுத்துகிறது. பெசாக் பண்டிகைக்குப் பல வாரம் முன்பே அரிசியை மணி மணியாகப் பொறுக்கி வைப்பார்கள். வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள், கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்வார்கள். மடி ஆசாரம் பார்க்கும் பாட்டிக்கு இது ஒன்றும் புதுசாக இருக்காது. வெள்ளி சாயங்காலம் எண்ணெய் விளக்கு ஏற்றியதும் தெருவில் வியாபாரம் நிற்கும். ரொட்டியை உப்பில் தொட்டு ஆசீர்வாதம் சொல்லிச் சாப்பிடுவார்கள். உப்புக் காய்ச்சும் ஊர்க்காரனுக்கு இந்த இடம் மட்டும் தனியாகப் பிடித்தது.

வீட்டு விசேஷங்களில் பெண்கள் மலையாளத்தில் பாடினார்கள். கல்யாணப் பாட்டு, வேதாகமக் கதைப் பாட்டு, பள்ளி கட்டிய பாட்டு எல்லாவற்றையும் கையால் எழுதின நோட்டுகளில் தாய் மகளுக்குக் கொடுத்தார்கள். 2005இல் ஜெருசலேமில் வெளியான ஒரு தொகுப்பின் பெயர் ‘கார்குழலி’. நமக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

பவளக்காரத் தெரு

சென்னைக்காரர்கள் கேட்கலாம், நம்ம ஊரில் யூதர் தெரு இல்லையா என்று. இருந்தது. மண்ணடியில் பவளக்காரத் தெரு என்று ஒன்று இன்றும் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் பக்கமிருந்து போர்த்துகீசிய யூத வணிகர்கள் மதராஸுக்கு வந்தார்கள். மத்தியதரைக் கடலின் சிவப்புப் பவளம் இங்கே வரும், கோல்கொண்டா வைரம் அங்கே போகும். 1688இல் மதராஸ் மாநகராட்சி அமைந்தபோது ஆல்டர்மேன்களில் மூன்று பேர் யூதர்கள்: பர்த்தலோமியோ ரோட்ரிகஸ், டொமிங்கோ டூ போர்ட்டோ, அல்வாரோ ட ஃபொன்சேகா.

ஆனால் அது வியாபாரத்துக்கு வந்தவர்களின் குடியிருப்பு. 1720களில் பிரேசிலில் வைரம் கிடைத்தபிறகு மதராஸ் வைரச் சந்தைக்குப் பழைய மவுசு இல்லை. வணிகர்கள் குறைந்தார்கள். பின்னாளில் பவளக்காரத் தெரு நகரத்தார் தெருவாகிவிட்டது. யூதர்களின் சில கல்லறைக் கற்கள் மட்டும் பழைய இடத்திலிருந்து பெயர்ந்து ராயப்பேட்டை லாயிட்ஸ் சாலையில் இருக்கின்றன.

கொச்சி நின்றது, மதராஸ் நிற்கவில்லை. அரசன் கொடுத்த நிலம் ஒரு காரணம். குடும்பங்களாக வாழ்ந்தது இன்னொன்று. மூன்றாவது காரணத்துக்கு எபிரேயத்தில் மினியான் என்று பெயர். பதின்மூன்று வயசு நிறைந்த ஆண்கள் பத்துப் பேர் சேர்ந்தால்தான் முழுக் கூட்டு வழிபாடு நடக்கும். ஒன்பது பேர் எவ்வளவு பெரிய ஞானிகளாக இருந்தாலும் தோராச் சுருளைப் பிரித்து முறைப்படி வாசிக்க முடியாது. யூதத் தெரு என்று ஒன்று உருவாவதே இந்தக் கணக்கினால்தான். ஓய்வுநாளில் வண்டி ஏறக் கூடாது, பள்ளிக்கு நடந்தே போக வேண்டும். அப்படியென்றால் பத்துப் பேரும் நடக்கிற தூரத்தில் வீடு வைத்திருக்க வேண்டும். நியூயார்க்கின் ப்ரூக்ளினிலும் ஜெருசலேமின் மேயா ஷெயாரிமிலும் பக்தி மிகுந்த யூதர்கள் இன்றும் நெருக்கியடித்து ஒரே வட்டாரத்தில் வாழ்வதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

பத்துப் பேரை எண்ண வேண்டுமானால் யாரை எண்ணுவது என்று முடிவு செய்தாக வேண்டும். கொச்சியின் கதை அங்கேதான் கசக்கிறது.

வாசற்படி

பரதேசிகள் மலபார் யூதர்களோடு கல்யாண சம்பந்தம் வைத்துக்கொள்ளவில்லை. வெள்ளை யூதர், கறுப்பு யூதர் என்று பெயர் விழுந்தது. இதற்கும் கீழே ஒரு அடுக்கு இருந்தது: மெஷுஹ்ராரிம், அதாவது விடுவிக்கப்பட்டவர்கள். யூத வீடுகளில் அடிமைகளாக இருந்து மதம் ஏற்று விடுதலை பெற்றவர்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அதே பள்ளிக்கு வந்தார்கள், அதே ஓய்வுநாளைக் கடைப்பிடித்தார்கள். ஆனால் பெஞ்சில் உட்காரக் கூடாது. முன்கூடத்தில் தரையில் உட்கார வேண்டும். தோரா வாசிக்க அவர்களை அழைப்பதில்லை.

மத நூல் இதை ஏற்கவில்லை என்பதுதான் விசித்திரம். 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து எகிப்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள். முறைப்படி சடங்கு முடித்தவர்கள் முழு யூதர்கள், கல்யாணம் செய்யத் தடையில்லை என்று அங்கிருந்த பெரிய ரப்பிகள் பதில் எழுதினார்கள். பதில் வந்தது, தெரு மாறவில்லை. ஜெருசலேம் பக்கம் பார்த்துக் கும்பிட்ட தெரு, பக்கத்தில் யாரை உட்காரவைப்பது என்பதை மட்டும் இந்த மண்ணிடமிருந்து கற்றுக்கொண்டது. நம்மிடம் வந்த எல்லா மதமும் இந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது. சர்ச்சுக்குள் தனி வரிசையும் கல்லறைத் தோட்டத்தில் தனிச் சுவரும் தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரியாததா?

19ஆம் நூற்றாண்டின் நடுவில் மெஷுஹ்ராரிம் சிலர் கோபித்துக்கொண்டு கோட்டைக் கொச்சிக்குப் போய்த் தனியாகத் தொழுதார்கள். அந்த முயற்சி நிலைக்கவில்லை. அந்த வம்சத்தில் வந்தவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). நம்ம சேலத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. சென்னையில் படித்து வக்கீலானவர். கொச்சி சட்டசபையில் உறுப்பினர். 1929இல் லாகூர் காங்கிரசுக்குப் போய்வந்தவர். யூத காந்தி என்று பெயர் வாங்கியவர்.

1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்க உரிமை கேட்டுச் சத்தியாகிரகம் தொடங்கியது. பெரியார் அங்கே இரண்டு முறை சிறை போனதை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். ஒரு படகுப் பயண தூரத்தில் இருந்த மட்டாஞ்சேரியிலும் அந்தக் காலகட்டத்தில் சத்தியாகிரகம் நடந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், தன் ஜனம் உட்காரக் கூடாத இருக்கைகளில் சேலம் உட்கார்ந்தார். சட்டசபையில் நாற்காலி உண்டு, தன் சாமி முன்னால் பெஞ்சு இல்லை. 1930களிலும் 40களிலுமாகப் பெஞ்சும், வாசிக்கும் உரிமையும் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. 1950இல் அவர் மகன்களில் ஒருவர் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்தார். கல்யாணம் பம்பாயில்தான் நடத்த முடிந்தது. தம்பதியர் ஊருக்கு வந்து பள்ளிக்குள் நுழைந்தபோது மாடியிலிருந்த பெண்கள் எழுந்து போய்விட்டார்கள்.

அதே மெஷுஹ்ராரிம் சமூகத்தில் பிறந்த ரூபி டேனியல், இந்தியக் கடற்படையின் மகளிர் பிரிவில் வேலை பார்த்தவர். பிறகு இஸ்ரேலில் ஒரு கிப்புட்ஸில் குடியேறினார். 1995இல் வந்த அவருடைய நினைவுக் குறிப்பில் இந்த அவமானங்கள் எல்லாம் இருக்கின்றன. தெருவின் பண்டிகைகளும் பாட்டுகளும் அதே பிரியத்தோடு இருக்கின்றன.

நான் போயிருந்தபோது அந்த முன்கூடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். சின்ன இடம். டிக்கெட் வாங்கினவர்கள் எல்லாரும் நிற்காமல் அதைத் தாண்டி, தொங்கும் கண்ணாடி விளக்குகளைப் பார்க்க உள்ளே போகிறார்கள். இங்கிருந்து பெஞ்சு எட்டடியோ பத்தடியோதான் இருக்கும். அதைக் கடக்க நானூறு வருஷம் போல ஆகியிருக்கிறது.

எண்ணிக்கை முடிந்தது

கொச்சி யூதர்களை யாரும் துரத்தவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அடுத்த வருஷம் ஜெருசலேமில் இருப்போம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்ன பிரார்த்தனை 1948க்குப் பிறகு பயணச் சீட்டாக மாறியது. 1950களில் மலபார் யூதர்கள் ஊர் ஊராகக் கிளம்பினார்கள். போகும் வழிகளைச் சீராக்க இஸ்ரேல் வரை போய்ப் பேசியவர்களில் சேலமும் ஒருவர். அவர் மட்டும் கொச்சியிலேயே இருந்து 1967இல் கண்ணை மூடினார். நெகேவ் பாலைவனத்தில் நெவாதிம் என்ற கிராமத்தில் கொச்சி பாணியில் ஒரு பள்ளி இருக்கிறது.

பரதேசிகளில் பலர் சொத்தும் தொழிலும் இருந்ததால் தாமதித்தார்கள், பிறகு அவர்களும் கிளம்பினார்கள். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் பள்ளியின் மர வேலைப்பாடுகள் 1990களில் ஜெருசலேம் அருங்காட்சியகத்துக்குப் போயின. வெறும் கூடாக நின்ற கட்டடத்தின் முன்சுவர் 2019 மழையில் இடிந்து விழுந்தது. எர்ணாகுளத்தில் ஒரு பள்ளியின் முன்பக்கம் அலங்கார மீன் கடை நடக்கிறது. யூதத் தெருவின் வீடுகளில் காஷ்மீர்க்காரர்கள் சால்வை விற்கிறார்கள்.

பரதேசிப் பள்ளியில் ஒரு கட்டத்தில் பத்துப் பேர் சேரவில்லை. எர்ணாகுளத்திலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. சுற்றுலா வந்த யூதர்களைக் கூப்பிட்டுக் கணக்கை நிரப்பினார்கள். கதவை இறுக்கமாக வைத்ததால்தான் தெரு அழிந்தது என்று நான் சொல்லவரவில்லை. கதவு விரியத் திறந்திருந்தாலும் பாதிப் பேர் விமானம் ஏறியிருப்பார்கள். ஆனால் யார் சேர்த்தி, யார் சேர்த்தியில்லை என்று அவ்வளவு காலம் பார்த்த தெரு, கடைசியில் யாராவது பத்துப் பேர் வந்தால் போதும் என்று வழியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

2019 ஆகஸ்டில் சாரா கோஹன் 96 வயசில் இறந்தார். எம்பிராய்டரி கடை வைத்திருந்த பாட்டி. யூதத் தெரு என்றால் அந்த ஜன்னலோரத்து முகம்தான் என்கிற அளவுக்குப் பிற்காலத்தில் தெருவின் அடையாளம். முதுமையில் பக்கத்திலிருந்து கவனித்துக்கொண்டவர் ஒரு முஸ்லிம் நண்பர். சாராப் பாட்டி பள்ளிக்குப் போயிருந்தாலும் பத்துக் கணக்கில் வரமாட்டார், ஏனென்றால் பெண். நோட்டுப் புத்தகங்களில் பாட்டை எழுதிக் காப்பாற்றியவர்களும் பத்தில் வராதவர்கள்தான். பெஞ்சில்லாமல் தரையில் உட்கார்ந்தாலும் வாராவாரம் வந்துகொண்டிருந்தவர்களின் கதையும் அப்படித்தான். யாரையெல்லாம் எண்ணவில்லையோ அவர்கள்தான் அந்தத் தெருவை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இதெல்லாம் வேறு யாருடைய மதமோ, எப்போதோ நடந்ததோ என்று என்னால் மூடிவைக்க முடியவில்லை. எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே மேல்பாதியில், 2023 ஜூனில், திரௌபதி அம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். பட்டியலின மக்கள் உள்ளே வந்து கும்பிடுவதை ஒட்டி எழுந்த தகராறு. 2024இல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு பூஜைக்காக மறுபடி திறந்தார்கள். இடையில் பல மாதம் அம்மன் இருட்டில் இருந்தாள். பக்கத்தில் இன்னொருவன் நின்று கும்பிடுவதைவிட, யாருமே கும்பிடாமல் இருப்பது மேல் என்று ஒரு ஊருக்குள் சிலருக்குத் தோன்ற முடிகிறது.

மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்கு இன்று முகவரியில் இருக்கும் பெயர் ஏ. பி. சேலம் சாலை. தெரு, தான் தரையில் உட்காரவைத்தவரின் பெயரைச் சூட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயரைப் போட்டு அங்கே கடிதம் எழுதலாம், போய்ச் சேரும். வாங்கிப் படிக்கத்தான் அந்தத் தெருவின் பழைய ஆட்கள் இல்லை.